பிக்அப் வண்டியில் கியர்பாக்ஸ் ஸ்பீடு சென்சார் மாற்றுவது எப்படி? முதல்முறை கை வைப்பவர்களுக்கு

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீடோமீட்டர் முள் பொத்தென்று பூஜ்ஜியத்துக்கு விழும். கொஞ்ச தூரம் போனதும் தானாக எழுந்துகொள்ளும். குரூஸ் கன்ட்ரோல் பிடிக்காது. ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் கியர் மாறும்போது வண்டியே குலுங்கும், அல்லது ஒரே கியரில் அடம்பிடித்து நிற்கும், எவ்வளவு மிதித்தாலும் மேலே ஏறாது. கூடவே செக் எஞ்சின் விளக்கும் எரியும். இதில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் கியர்பாக்ஸ் ஸ்பீடு சென்சார் மேல் சந்தேகப்படுவது நியாயம்தான். பிக்அப்பில் அந்தச் சென்சார் படும் பாடு அதிகம். வண்டியின் அடியில், சேறு தெறிக்கிற இடத்தில், சைலன்சர் குழாயின் சூட்டுக்குப் பக்கத்திலேயே அது வாழ்நாளைக் கழிக்கிறது.

மாற்றும் வேலை சின்னது. பெரும்பாலான வண்டிகளில் ஒரே ஒரு போல்ட், ஒரு கப்ளர் (வயர் இணைப்பான்), ஒரு ஓ-ரிங் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்), அவ்வளவுதான். பழுது உண்மையிலேயே சென்சாரில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்வதுதான் கஷ்டமான பகுதி. நல்ல சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்ட பிறகும் அதே கோளாறு தொடர்வதற்கு, அறுந்த வயரையும் பச்சைக் களிம்பு பிடித்த கப்ளரையும் யாரும் பார்க்காமல் விட்டதுதான் பெரும்பாலும் காரணம். அதனால் இந்தக் கட்டுரையில் சோதனைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

அந்தச் சென்சார் என்ன செய்கிறது

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் பொதுவாக இரண்டு ஸ்பீடு சென்சார்கள் இருக்கும். ஒன்று உள்ளே வரும் சுழற்சியை, அதாவது டார்க் கன்வெர்ட்டரின் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் பகுதி) டர்பைன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை அளக்கும். இதை இன்புட் சென்சார் அல்லது டர்பைன் சென்சார் என்பார்கள். இன்னொன்று வெளியே போகும் ஷாஃப்டின் சுழற்சியை அளக்கும். இது அவுட்புட் சென்சார். பல வண்டிகளில் ஸ்பீடோமீட்டருக்கும் இந்த அவுட்புட் சென்சார்தான் செய்தி அனுப்புகிறது. மேனுவல் கியர் வண்டிகளில் ஸ்பீடோமீட்டருக்கான ஒரு சென்சார் மட்டும் இருப்பது வழக்கம்.

இரண்டையும் ஒப்பிட்டுத்தான் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் முடிவெடுக்கிறது. ஒரு கியரின் விகிதம் 3:1 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்புட் 3000 சுற்று சுற்றினால் அவுட்புட் 1000 சுற்று சுற்ற வேண்டும். கணக்கு பொருந்தவில்லையென்றால் ஒன்று உள்ளே கிளட்ச் வழுக்குகிறது, இல்லையென்றால் ஏதோ ஒரு சென்சார் பொய் சொல்கிறது. எப்போது கியர் மாற்றுவது, எவ்வளவு ஆயில் அழுத்தம் கொடுப்பது, டார்க் கன்வெர்ட்டரை எப்போது பூட்டுவது எல்லாமே இந்தக் கணக்கை நம்பித்தான் நடக்கிறது. சிக்னல் அடியோடு வராமல் போனால் கம்ப்யூட்டர் பல வண்டிகளில் ஒரே கியரில் நிறுத்தி வைத்துக்கொள்ளும். இதை லிம்ப் மோடு என்பார்கள். வீடு போய்ச் சேர்வதற்கான ஏற்பாடு அது. அந்த நிலையிலேயே சுமை ஏற்றி நாள் கணக்கில் ஓட்டினால் கியர்பாக்ஸ் சூடாகி ஆயில் கருகும். சின்னப் பழுது பெரிய செலவில் கொண்டுபோய் விடும்.

சென்சாரில் இரண்டு வகை உண்டு. உங்களுடையது எந்த வகை என்பது சோதனைக்கு முக்கியம். இரண்டு வயர் மட்டும் போகிறது என்றால் பெரும்பாலும் காந்தமும் காயிலும் கொண்ட பழைய வகை. பல் வைத்த வளையம் அதன் முனைக்கு முன்னால் சுழலும்போது அதுவே சிறிய ஏசி மின்சாரத்தை உற்பத்தி செய்யும். மூன்று வயர் போனால் பெரும்பாலும் ஹால் வகை. அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும். பதிலுக்கு அது விட்டு விட்டு வரும் டிஜிட்டல் சிக்னலைக் கொடுக்கும். இரண்டு வயர் ஹால் சென்சார்களும் புதிய வண்டிகளில் வந்துவிட்டன. எனவே வயரை எண்ணியதோடு நிறுத்தாமல் சர்வீஸ் மேனுவலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

எல்லா வண்டியிலும் ஒரே இடத்தில் இருக்காது. செவ்ரோலெட், ஜிஎம்சி பிக்அப்களில் வந்த 4எல்60இ கியர்பாக்ஸை எடுத்துக்கொண்டால், இரு சக்கர இயக்க வண்டியில் சென்சார் கியர்பாக்ஸின் வால் பகுதியில் இருக்கும். அதே கியர்பாக்ஸ் நான்கு சக்கர இயக்க வண்டியில் வந்தால் சென்சார் டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும் பெட்டி) பின்பக்கம் போய்விடும். பழைய ஃபோர்டு எஃப் வரிசை வண்டிகள் சிலவற்றில் வேகச் செய்தி பின் ஆக்சிலின் டிஃபரென்ஷியல் மேல் உள்ள சென்சாரிலிருந்து வருகிறது; அங்கே கியர்பாக்ஸைத் தடவிப் பிரயோசனமில்லை. டொயோட்டா பிக்அப்களில் இன்புட், அவுட்புட் இரண்டும் கியர்பாக்ஸின் உடல் மேலேயே தனித்தனியாக இருக்கும் மாடல்கள் உண்டு. புதிய வண்டிகள் பலவற்றில் ஸ்பீடோமீட்டர் நான்கு சக்கரங்களின் ஏபிஎஸ் சென்சார்களிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது.

காசு செலவழிப்பதற்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஜிஎம் 6எல்80, ஃபோர்டு 6ஆர்80 போன்ற, ஆறு கியர் கொண்ட கியர்பாக்ஸ்களில் ஸ்பீடு சென்சார்கள் உள்ளேயே இருக்கின்றன. ஆயில் பேனை (அடியில் உள்ள ஆயில் தட்டை) கழற்றி, உள்ளே உள்ள கட்டுப்பாட்டு அமைப்பையே இறக்க வேண்டும். முதல்முறை செய்கிறவர்களுக்கு அது ஏற்ற வேலை அல்ல. இந்தப் பழுதுக்காக உற்பத்தியாளர் வண்டிகளைத் திரும்ப அழைத்திருக்கிறாரா என்பதையும் உங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொண்டு பாருங்கள். 2011, 2012 மாடல் எஃப்-150 வண்டிகளில் அவுட்புட் சென்சார் சிக்னல் விட்டுப்போய், ஓடும்போதே முதல் கியருக்கு இறங்கிவிடும் ஆபத்துக்காக ஃபோர்டு 2016-ல் வண்டிகளைத் திரும்ப அழைத்து கம்ப்யூட்டர் மென்பொருளை மாற்றிக் கொடுத்தது. இப்படி ஒரு ஏற்பாடு இருக்கும்போது நீங்கள் படுத்து உருள வேண்டியதே இல்லை.

இனி வருவதெல்லாம் வெளியிலிருந்து கழற்றக்கூடிய சென்சாருக்கு.

கோடு சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்

ஓபிடி-2 ஸ்கேனரை, அதாவது வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீடுகளை வாசிக்கும் கருவியை மாட்டி, அந்தக் குறியீடுகளை (கோடுகளை) படித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழிப்பதற்கு அவசரப்படாதீர்கள். பி0500 என்றால் வண்டி வேக சென்சார். பி0715, பி0716, பி0717 இன்புட் சென்சாரைச் சேர்ந்தவை. பி0720 முதல் பி0723 வரை அவுட்புட் சென்சார். இதிலும் நுணுக்கம் உண்டு: பி0722 என்றால் சிக்னலே வரவில்லை, பி0723 என்றால் விட்டு விட்டு வருகிறது. விட்டு விட்டு வருகிறது என்றால் என் முதல் சந்தேகம் எப்போதும் கப்ளர் மேலும் வயர் மேலும்தான் போகும்.

ஒரு கோடு ஒரு சுற்றைத்தான் குறிக்கிறது. சென்சார், கப்ளர், இரண்டு மூன்று வயர்கள், கம்ப்யூட்டர், பல் வளையம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சுற்று. இதில் எது கெட்டாலும் அதே கோடுதான் வரும்.

கூட வரும் கோடுகளையும் கவனியுங்கள். சம்பந்தமில்லாத நாலைந்து சென்சார்களுக்கு ஒரே நேரத்தில் கோடு வந்தால் எல்லா சென்சாரும் ஒன்றாகச் சாகவில்லை. பொதுவாகப் போகும் 5 வோல்ட் சப்ளையோ, பொதுவான எர்த்தோ, ஃபியூஸோ போயிருக்கும். ஒரே சப்ளையில் தொங்கும் சென்சார்களில் ஒன்று ஷார்ட் ஆனால் மற்றவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பி0731, பி0732 என்று கியர் விகிதக் கோடுகள் மட்டும் வந்து, ஆயிலும் கறுத்துக் கருகிய வாடை அடித்தால் சென்சார் மாற்றி மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். கிளட்ச் உள்ளே வழுக்குகிறது.

ஸ்கேனரில் நேரடி எண்கள் காட்டும் வசதி இருந்தால் படுக்காமலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். எஞ்சினை ஓடவிட்டு கியர் லீவரைப் பார்க்கில் (P) வைத்திருக்கும்போது பெரும்பாலான ஆட்டோமேட்டிக்கில் இன்புட் வேகம் எஞ்சின் வேகத்தை ஒட்டி இருக்கும், அவுட்புட் பூஜ்ஜியமாக இருக்கும். பிரேக்கை அழுத்திக்கொண்டு டிரைவில் போட்டால் இன்புட்டும் பூஜ்ஜியத்துக்கு வந்துவிட வேண்டும். அப்படிப்பட்ட வண்டியில் பார்க்கிலேயே இன்புட் பூஜ்ஜியம் காட்டினால் அந்தச் சுற்றில் கோளாறு உறுதி. அவுட்புட்டைப் பார்க்க இன்னொருவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். எவ்வளவு எண் வர வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1000 மீட்டர். டயரின் சுற்றளவு 2.3 மீட்டர் என்றால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 435 சுற்று. பின் ஆக்சில் விகிதம் 3.73 என்றால் அவுட்புட் ஷாஃப்ட் 1620 சுற்றை ஒட்டி இருக்க வேண்டும். எண் சீராக ஏறி இறங்கினால் சென்சார் நன்றாகவே இருக்கிறது. 1600-இலிருந்து திடீரென 0, மறுபடி 1600 என்று குதித்தால் பிடித்துவிட்டீர்கள்.

வண்டியைத் தூக்குவது

வண்டியை ஓட்டி வந்த உடனே அடியில் போகாதீர்கள். சைலன்சரும் கியர்பாக்ஸும் நன்றாக ஆறட்டும். கெட்டியான, சமமான தரை வேண்டும். தார் வெயிலில் இளகும், மண் அமுங்கும். சிமென்ட் தளம்தான் சரி.

பிக்அப் உயரமான வண்டி. சென்சாரை எட்டுவதற்குத் தூக்கவே தேவையில்லாமல் போகலாம். அப்படியென்றால் நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, பார்க்கில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு நேராக வேலையைப் பாருங்கள். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஆக்சில் ஸ்டாண்டு. வண்டியின் எடையைத் தாங்கும் என்று எழுதியிருக்கும் ஸ்டாண்டை சேசிஸ் அல்லது ஆக்சிலுக்கு அடியில், மேனுவல் காட்டும் இடத்தில் வைத்து, வண்டியை அதன் மேல் இறக்கி, கையால் தள்ளி அசைத்துப் பார்த்த பிறகுதான் தலையை உள்ளே கொண்டுபோக வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக், மரத்துண்டு அடுக்கு எதுவும் வேண்டாம். ஹாலோ பிளாக் எச்சரிக்கையே இல்லாமல் நொறுங்கும்.

சென்சார் கியர்பாக்ஸின் வாலில் இருந்தால் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்குவது நல்லது. ஆயில் முன்பக்கம் ஓடிவிடும், சென்சாரைக் கழற்றும்போது ஒழுகுவது குறையும். முன்பக்கத்தைத் தூக்கினால் நேர்மாறாக மொத்த ஆயிலும் வால் பக்கம் வந்து நிற்கும்.

கழற்றுவதற்கு முன் மல்டிமீட்டர்

கப்ளரையும் சுற்றியுள்ள பகுதியையும் பிரஷ் போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். இதைச் சோம்பலில் விட்டால் பிறகு சென்சாரை உருவும்போது அந்த மண் அப்படியே கியர்பாக்ஸுக்குள் விழும்.

கப்ளரில் சிறிய பூட்டு நாக்கு இருக்கும். சிலவற்றில் சிவப்பு அல்லது சாம்பல் நிறத்தில் இரண்டாவது பாதுகாப்புப் பூட்டும் இருக்கும்; அதை முதலில் பின்னால் இழுத்துவிட்டுத்தான் நாக்கை அமுக்க வேண்டும். கப்ளரின் உடம்பைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பல வருடம் சூட்டில் கிடந்த பிளாஸ்டிக் மொறுமொறுவென்று இருக்கும். வரவில்லையென்றால் ஒருமுறை உள்ளே அழுத்தி, நாக்கை அமுக்கி, பிறகு இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் வந்துவிடும்.

வந்ததும் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சைப் பூஞ்சை போலப் படிந்திருக்கிறதா, பின் (உள்ளே நீட்டியிருக்கும் உலோக ஊசி) வளைந்திருக்கிறதா, ஆயில் நிறைந்திருக்கிறதா? கப்ளருக்குள் கியர்பாக்ஸ் ஆயில் இருந்தால் சென்சாரின் உடல் வழியாகவே கசிகிறது என்று அர்த்தம். அந்தச் சென்சாரை மாற்றத்தான் வேண்டும். பச்சை மட்டும்தான் என்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டு, மாட்டி ஓட்டிப் பாருங்கள். கோளாறு அங்கேயே தீர்ந்துவிட்டால் சென்சார் செலவு மிச்சம். ஹார்னஸை (வயர் கட்டை) கையால் தடவிக்கொண்டே மேலே போங்கள். சேசிஸில் உரசும் இடம், சைலன்சருக்கு அருகே வளையும் இடம், புரொபெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் நீளத் தண்டு) பக்கத்தில் தொங்கும் இடம், எலி கடித்த தடம், அண்மையில் கிளட்ச் வேலையோ யு-ஜாயின்ட் வேலையோ நடந்திருந்தால் நசுங்கிய இடம் எல்லாம் பாருங்கள்.

இரண்டு வயர் காயில் வகையென்றால் சென்சாரின் இரண்டு பின்களுக்கு நடுவே ஓம் அளவு எடுங்கள். சில நூறிலிருந்து ஓரிரு ஆயிரம் ஓம் வரை வண்டிக்கு வண்டி மாறும். டொயோட்டாவின் பல மாடல்களில் 20 டிகிரி செல்சியஸில் 560 முதல் 680 ஓம் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கான எண் மேனுவலில் இருக்கும். மீட்டர் முடிவிலி காட்டினால் காயில் அறுந்துவிட்டது, பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். ஒவ்வொரு பின்னுக்கும் சென்சாரின் உலோக உடம்புக்கும் நடுவே தொடர்பே இருக்கக்கூடாது. கோளாறு வண்டி சூடான பிறகுதான் வருகிறது என்றால் ஆறிய நிலையில் எடுத்த அளவை மட்டும் நம்பாதீர்கள். அறுந்த காயில் ஆறியதும் ஒட்டிக்கொண்டு நல்ல எண் காட்டும். சூட்டில் விரிந்து பிரியும்.

அடுத்து மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி ஷாஃப்டைச் சுழற்றிப் பாருங்கள். இதற்குப் பின்சக்கரங்கள் இரண்டும் ஸ்டாண்டில் தொங்க வேண்டும், முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வேண்டும், நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். நான்கு சக்கர வண்டியென்றால் லீவர் இரு சக்கர நிலையில் இருக்க வேண்டும். எஞ்சின் நின்றிருக்க வேண்டும். ஒரு சக்கரத்தை மட்டும் சுற்றினால் டிஃபரென்ஷியல் காரணமாக எதிர்ச் சக்கரம் மறுபக்கம் சுற்றும், ஷாஃப்ட் அசையாமல் நிற்கும். அதைப் பார்த்து சென்சார் செத்தது என்று முடிவு கட்டிவிடக்கூடாது. புரொபெல்லர் ஷாஃப்டையே கையால் பிடித்துச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றச் சுற்ற வோல்ட் ஏற வேண்டும். கையால் சுற்றும் வேகத்துக்கு அது சிறிய அளவாகத்தான் இருக்கும், ஆனால் அசைவு கண்ணுக்குத் தெரியும். எஞ்சினை ஓட்டி, கியரில் போட்டு, தூக்கிய வண்டியின் அடியில் படுத்து இந்தச் சோதனையைச் செய்யச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஹால் வகைக்கு ஓம் சோதனை அர்த்தமில்லாதது. அதற்கு கப்ளரில் சாவியை ஆன் செய்து சப்ளை வருகிறதா என்று பாருங்கள். 5 வோல்ட் அல்லது பேட்டரி வோல்ட், வண்டியைப் பொறுத்தது. எர்த் வயரையும் சோதியுங்கள். சப்ளையே வரவில்லையென்றால் பழுது சென்சாரில் இல்லை, வயரைத் தேடிப் போக வேண்டும். சப்ளையும் எர்த்தும் சரி என்றால் கப்ளரை மாட்டிவிட்டு, பின்புறமாக மெல்லிய ஊசியைச் செருகி சிக்னல் வயரில் டிசி வோல்ட் பாருங்கள். ஷாஃப்டை மெதுவாகச் சுற்றும்போது மேலே, கீழே என்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும். மாறாமல் ஒரே எண்ணில் நின்றால் சென்சார் போய்விட்டது. வயரின் மேலுறையை மட்டும் குத்தாதீர்கள். அந்தத் துளை வழியாக நாளைக்குத் தண்ணீர் போகும்.

எடுத்த அளவுகள் எல்லாவற்றையும் தாளில் எழுதி வையுங்கள்.

புதிய சென்சார் வாங்கும்போது

வண்டியின் மாடல், ஆண்டு மட்டும் போதாது. கியர்பாக்ஸ் வகை, இரு சக்கரமா நான்கு சக்கரமா, எத்தனை பின், இவற்றையும் சொல்லுங்கள். முடிந்தால் பழையதன் மேல் உள்ள பார்ட் எண்ணைக் கொடுங்கள். வெளியே ஒன்றுபோலத் தெரியும் சென்சார்களில் முனையின் நீளம் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசப்பட்டாலே சிக்னல் பலவீனமாகும், இல்லையென்றால் பல் வளையத்தில் உரசி முனை தேயும். ஓ-ரிங் கூடவே வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் தனியாக வாங்குங்கள். கொஞ்சம் கியர்பாக்ஸ் ஆயிலும் வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் டெக்ஸ்ரான், மெர்கான், ஏடிஎஃப்+4, டொயோட்டா டபிள்யூஎஸ் என்று ஒவ்வொரு கியர்பாக்ஸுக்கும் ஒரு வகை ஆயில், கலக்கக்கூடாது. டிரான்ஸ்ஃபர் கேஸில் சென்சார் இருந்தால் அதன் ஆயில் கியர்பாக்ஸ் ஆயிலிலிருந்து வேறாக இருக்கலாம்.

பழைய பிக்அப்கள் சிலவற்றில் சென்சாரின் முனையில் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கும். புதிய சென்சாரில் அது வராது. பழையதிலிருந்து கிளிப்பை எடுத்துக் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும். பல் தேய்ந்திருந்தால் அதே பல் எண்ணிக்கை உள்ளதையே வாங்குங்கள். ஒரு பல் மாறினாலும் ஸ்பீடோமீட்டர் தப்பு வேகம் காட்டும்.

கழற்றுதல்

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஆயில் பிடிக்க ஒரு தட்டை அடியில் வையுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மேலே பார்த்துப் படுத்திருக்கும்போது மண் நேராகக் கண்ணில்தான் விழும். கழற்றுவதற்கு முன் சென்சார் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வயர் எந்த வழியாகப் போகிறது என்று செல்போனில் படம் எடுங்கள். இரண்டு சென்சார் உள்ள கியர்பாக்ஸ் என்றால் எது இன்புட், எது அவுட்புட் என்று பெயின்ட் தொட்டு வைப்பது நல்லது.

போல்ட் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் தலை. துரு பிடித்திருந்தால் முந்தைய நாளே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். ஆறு முனை சாக்கெட் போடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் மழுங்கிய தலையை இன்னும் மழுக்கும். போல்ட் இறுகி நின்றால் பலம் போடாமல் கொஞ்சம் இறுக்கும் பக்கம், கொஞ்சம் தளர்த்தும் பக்கம் என்று மாறி மாறி அசைத்துக் கொண்டுவாருங்கள். அலுமினிய உடலில் போல்ட் முறிந்தால் அரைமணி நேர வேலை இரண்டு நாள் ஆகிவிடும். பதறாத காரியம் சிதறாது என்பது இந்தப் போல்ட்டுக்கு அப்படியே பொருந்தும்.

போல்ட் வந்த பிறகும் சென்சார் வராது. ஓ-ரிங் காய்ந்து ஒட்டியிருக்கும். நேராக இழுக்காமல் முதலில் இடமும் வலமுமாகத் திருப்புங்கள். திரும்ப ஆரம்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. திருப்பிக்கொண்டே மெதுவாக இழுங்கள். அசையவே இல்லையென்றால் விளிம்பைச் சுற்றி எண்ணெய் விட்டுக் காத்திருந்து, போல்ட் நுழையும் காதுக்கு அடியில் தட்டை ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். அலுமினியத்தில் கீறல் விழாமல் நடுவில் துணி வையுங்கள். பிளாஸ்டிக் உடைந்து முனை உள்ளேயே தங்கிவிட்டால் துளை போட நினைக்காதீர்கள், தூள் எல்லாம் கியர்பாக்ஸுக்குள் போகும். உள்ளே தள்ளவும் கூடாது. வளைந்த பிக் கருவியால் ஓரத்தில் கொக்கி போட்டு இழுப்பதுதான் வழி. அதிலும் வராவிட்டால் அங்கேயே நிறுத்தி அனுபவமுள்ள மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

உருவியதும் கொஞ்சம் ஆயில் வழியும், பயப்பட வேண்டாம். முனையைப் பாருங்கள். காயில் வகையில் காந்தம் இருப்பதால் சாம்பல் நிறப் பசைபோல மெல்லிய உலோகத் தூள் ஒட்டியிருப்பது இயல்பு. சில்லுகளாக, ஊசிகளாக உலோகம் வந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. முனையில் உரசிய காயம் இருந்தால் பல் வளையமோ பேரிங்கோ ஆட்டம் கொடுக்கிறது. துளை வழியாக டார்ச் அடித்து, ஷாஃப்டைச் சுற்றி, பற்கள் எல்லாம் முழுசாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பல் உடைந்திருந்தாலும் புதிய சென்சாரும் பழையதைப்போலவே தடுமாறும். பழைய ஓ-ரிங் சென்சாரோடு வந்துவிட்டதா என்றும் பாருங்கள். துளையிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதியது உட்கார்ந்தால் ஆயில் கசியும்.

மாட்டுதல்

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம், முனை, காதின் கோணம், கப்ளர் வடிவம் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். துளையின் உட்புறத்தைப் பஞ்சு நூல் விடாத துணியால் துடையுங்கள். ஓ-ரிங்கில் அந்த கியர்பாக்ஸ் ஆயிலையே தடவுங்கள். கிரீஸ், சிலிக்கான் கம் எதுவும் வேண்டாம்.

சென்சாரை நேராக வைத்து, லேசாகத் திருப்பிக்கொண்டே கட்டை விரலால் அழுத்துங்கள். ஓ-ரிங் நுழையும் இடத்தில் சிறு எதிர்ப்பு இருக்கும், அதைத் தாண்டியதும் காது உடலோடு ஒட்டி உட்கார்ந்துவிடும். உட்காரவில்லையென்றால் போல்ட்டைப் போட்டு இழுத்து உட்கார வைக்க முயலாதீர்கள், காது உடையும். வெளியே எடுத்து ஏன் என்று பாருங்கள். சுத்தியல் கூடவே கூடாது.

போல்ட்டின் முதல் சில மரையைக் கையாலேயே ஏற்றுங்கள். இறுக்கும் அளவு நினைப்பதைவிடக் குறைவு. ஜிஎம் வண்டிகளில் 11 நியூட்டன் மீட்டர், டொயோட்டாவின் பல மாடல்களில் 5.4 நியூட்டன் மீட்டர் மட்டுமே. நீளமான ராச்செட்டின் நுனியைப் பிடித்து இழுத்தால் இதைச் சுலபமாகத் தாண்டிவிடுவீர்கள். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் ராச்செட்டின் தலையருகே பிடித்து மணிக்கட்டால் மட்டும் இறுக்குங்கள்.

கப்ளரின் ரப்பர் விளிம்பில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) சிறிது தடவி, கிளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். பிறகு லேசாக இழுத்துப் பாருங்கள். ஹார்னஸை அது இருந்த கிளிப்புகளில் திரும்ப மாட்டுங்கள். உடைந்த கிளிப்புக்குப் பதில் கேபிள் டை போடலாம்; சைலன்சரிலிருந்தும் ஷாஃப்டிலிருந்தும் விலகியிருக்க வேண்டும். வயரை ஒட்டுப்போட வேண்டி வந்தால் ஒன்று கவனியுங்கள்: காயில் சென்சாரின் இரண்டு வயர்களும் முறுக்கியிருப்பது பக்கத்து வயர்களின் மின் இரைச்சல் அதில் ஏறாமல் இருக்கத்தான். ஒட்டிய பிறகு அதேபோல முறுக்கி விடுங்கள், இரண்டையும் இடம் மாற்றிவிடாதீர்கள்.

ஓட்டிப் பார்ப்பது

பேட்டரியை மாட்டி, வண்டியை இறக்கி, ஆயில் அளவைப் பாருங்கள். டிப்ஸ்டிக் உள்ள வண்டிகளில் எஞ்சின் ஓட, ஆயில் சூடாக இருக்கும்போது சமதரையில் பார்க்க வேண்டும். பெரும்பாலானவற்றில் பார்க்கில், பழைய டாட்ஜ் வண்டிகளில் நியூட்ரலில். டிப்ஸ்டிக் இல்லாத கியர்பாக்ஸில் குறிப்பிட்ட வெப்பநிலையில் அடைப்பானைத் திறந்து பார்க்கும் முறை இருக்கும், மேனுவலைப் பார்த்துச் செய்யுங்கள். நாலு சொட்டு போனதற்காக அரை லிட்டர் ஊற்றிவிடாதீர்கள். அதிக ஆயில் நுரை கட்டும்.

கோடுகளை அழித்துவிட்டு, போக்குவரத்து குறைவான சாலையில் எல்லா கியரும் ஏறி இறங்கும்படி ஓட்டுங்கள். ஸ்கேனரில் முன்பு போட்ட அதே கணக்கோடு எண்ணை ஒப்பிடுங்கள். சில வண்டிகளில் கம்ப்யூட்டர் தன் பழக்கத்தை மறுபடி கற்றுக்கொள்ளும்வரை கியர் மாற்றம் கொஞ்சம் முரடாக இருக்கலாம், நிதானமாக ஓட்டினால் சரியாகும். திரும்பி வந்து சென்சாரின் அடியில் விரலால் தொட்டு ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த வாரமும் ஒருமுறை பாருங்கள்.

அதே கோடு மறுபடி வந்தால் இன்னொரு சென்சார் வாங்க ஓடாதீர்கள். பார்ட் எண் சரிதானா என்று பாருங்கள், கப்ளரின் உள் பின்கள் தளர்ந்து பிடிப்பில்லாமல் இருக்கின்றனவா பாருங்கள், எஞ்சின் ஓடும்போது ஹார்னஸை வண்டியின் மேற்பகுதியில் கைக்கு எட்டும் இடங்களில் அசைத்து ஸ்கேனர் எண் குதிக்கிறதா என்று கவனியுங்கள். அதிலும் பிடிபடவில்லையென்றால் சென்சாரிலிருந்து கம்ப்யூட்டர் வரை ஒவ்வொரு வயராக அளக்க வேண்டிய கட்டம். வயரிங் வரைபடம் படிக்கத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் போங்கள். போகும்போது நீங்கள் எழுதி வைத்த கோடுகள், ஓம் அளவுகள், வோல்ட் அளவுகள் உள்ள தாளையும், கழற்றிய பழைய சென்சாரையும் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். எதையெல்லாம் மறுபடி பார்க்கத் தேவையில்லை என்பது அவருக்கு அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.